சித்தப்பா கேட்பது வேறு கேள்வி

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் படித்தாலும் புரியட்டும். நீங்கள் நீலகிரியின் பந்தலூர் பக்கம் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் வளர்ந்தவர். தாத்தா காலத்தில் இலங்கையிலிருந்து வந்த குடும்பம். இப்போது கோவையில் வேலை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சென்னையில் இருக்கும் அத்தை மகன் வயநாடு நிலச்சரிவின் படத்தைப் போட்டு, "இனியாவது காலநிலை மாற்றத்தை நம்புங்கள்" என்று எழுதினார். சித்தப்பா, "இது வெள்ளைக்காரன் கட்டிவிட்ட கதை, நிலக்கரியை நிறுத்தச் சொல்லி நம்மை ஏழையாகவே வைக்கப் பார்க்கிறான்" என்றார். பெரியம்மா, "மழையும் வெயிலும் மாரியாத்தா கையில்" என்றார். அத்தை மகன் கோபத்தில், "முதலில் விறகு எரிப்பதை நிறுத்துங்கள்" என்றார். உங்கள் தம்பி, "ஏசி அறையில் உட்கார்ந்து எங்களுக்குப் பாடம் எடுக்காதே, இதெல்லாம் உன் பிரிவிலேஜ் பேசுகிறது" என்றான். இரண்டு பேர் குழுவை விட்டே போய்விட்டார்கள். யார் சொல்வது சரி, நான் என்ன பேசுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

என்னைப் பற்றி ஒரு வரி. நீலகிரியின் குந்தா நீர்மின் திட்டத்துக்கு அணை கட்ட 1950-களில் மலையேறி வந்த கூலிக் குடும்பம் எங்களுடையது. அப்பா எமரால்டு அணையில் கல் சுமந்தார். நான் அதே திட்டத்தின் மின் நிலையங்களில் முப்பத்து நான்கு வருடம் ஷிஃப்ட் பார்த்து ஓய்வு பெற்று, மஞ்சூரில் இருக்கிறேன். மின்சாரம் எங்கே பிறக்கிறது, எங்கே போகிறது, யாருக்குக் கிடைக்கிறது என்பதைத்தான் வாழ்நாள் முழுக்கப் பார்த்திருக்கிறேன்.

யார் சரி என்பதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். பூமி சூடாகிறது. அதற்கு முக்கியக் காரணம் நாம் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும். இந்த விஷயத்தில் உண்மை அத்தை மகன் பக்கம்தான். ஆனால் அவர் "நம்புங்கள்" என்று ஆரம்பித்தார் பாருங்கள், சண்டைக்கு அங்கேயே வித்து விழுந்துவிட்டது.

எங்கள் மின் நிலையத்தில் ஆயுத பூஜை பெரிய நாள். ஜெனரேட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைப்போம். சக்கரத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் கருவிக்கு மாலை போடுவோம். வாசலில் பூசணிக்காய் உடைப்போம். குடும்பத்தோடு வந்து பொரியும் சுண்டலும் வாங்கிப் போவார்கள். எல்லாம் முடிந்ததும் ஷிஃப்ட் ஆள் எழுந்து போய் பேரிங் வெப்பநிலையைப் பார்த்து லாக் புத்தகத்தில் எழுதுவார். மணிக்கொரு தடவை எழுத வேண்டும், பூஜை நாளானாலும் சரி. வெப்பமானி முள் வழக்கத்தைவிட மேலே நின்றால், "நான் இதை நம்பவில்லை" என்று ஒருவரும் சொன்னதில்லை. "அம்மன் பார்த்துக்கொள்வாள்" என்று யாரும் நாற்காலியில் சாய்ந்ததும் இல்லை. எண்ணெய் சரியாக ஓடுகிறதா, குளிர்நீர் வருகிறதா என்று ஓடிப்போய்ப் பார்ப்போம். அப்படி ஓடியதால் யாருடைய பக்தியும் குறையவில்லை. திரும்பி வந்து விபூதி பூசிக்கொண்டவர்களும் உண்டு.

பூமியின் சூடும் அந்த முள்ளைப் போல ஒரு அளவுதான். அதை "நம்புகிறாயா" என்று கேட்கும்போது, சாமியை நம்புகிறாயா, எங்கள் கட்சியா அவர்கள் கட்சியா என்று கேட்பதுபோல் ஆகிவிடுகிறது. பெரியம்மாவுக்கு அப்படித்தான் கேட்டிருக்கும். தன் மாரியாத்தாவைப் பிடுங்கிக்கொண்டு வேறொன்றைக் கையில் திணிக்கிறார்கள் என்று நினைத்திருப்பார். அவர் சொன்னதை மறுப்பாக எடுத்துக்கொள்ளவே வேண்டாம். மழை அம்மன் கையில் என்று சொல்லும் அதே பெரியம்மா, மேகம் கறுத்தால் மாடியில் காயும் துணியை எடுக்காமலா இருக்கிறார்?

சித்தப்பா விஷயம் வேறு. அவருக்கு இரண்டு பதில் வேண்டும். முதலில் அறிவியலைச் சொல்கிறேன், அது எளிது.

"வெள்ளைக்காரன் கதை" என்றால், இந்த மலைகளிலேயே இருக்கும் சான்றுகளைச் சொல்லுங்கள். நீலகிரியின் மேட்டுப் பள்ளங்களில் செடிகள் மட்கி மட்கி அடுக்கடுக்காகச் சேர்ந்த கறுப்புச் சேற்று மண் இருக்கிறது, பீட் என்பார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆர். சுகுமாரும் அவருடன் வேலை செய்தவர்களும் அந்த மண்ணின் அடுக்குகளை ஆராய்ந்து 1993-இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். சோலை மரமும் வெப்பப் பகுதிப் புல்லும் காற்றிலிருந்து கரியமிலவாயுவை எடுக்கும் விதம் வேறு வேறு. அதனால் அவற்றின் உடம்பில் கார்பன்-13 என்ற கொஞ்சம் கனமான கார்பனின் விகிதமும் வேறு. அடுக்கைப் பார்த்தே, எந்தக் காலத்தில் இங்கே ஈரம் அதிகம், எந்தக் காலத்தில் வறட்சி, எப்போது புல் பரவியது என்று இருபதாயிரம் வருடக் கதையைச் சொல்லிவிட்டார்கள். ஆகவே, "காலநிலை முன்பும் மாறியிருக்கிறதே" என்று சித்தப்பா சொன்னால், ஆமாம், மாறியிருக்கிறது, நம் மலையின் சேறே அதற்குச் சாட்சி என்று ஒத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அடுத்ததைச் சொல்லுங்கள்.

அதே கார்பன்-13 கணக்குதான் இப்போதைய குற்றவாளியையும் காட்டிக்கொடுக்கிறது. நிலக்கரியும் பெட்ரோலியமும் ஆதியில் செடிகளாகவும் கடல் பாசிகளாகவும் இருந்தவை. அவை இலேசான கார்பனையே அதிகம் எடுத்துச் சேர்த்தவை. அதை எரித்தால் காற்றில் இலேசான கார்பன் கூடும், கனமான கார்பனின் விகிதம் குறையும். அளந்து பார்த்தால் அப்படியேதான் குறைந்துகொண்டு வருகிறது. எரிமலையிலிருந்து வந்த வாயு என்றால் அந்தக் கைரேகை வேறாக இருந்திருக்கும். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு இருந்த கரியமிலவாயு, ஹவாய் தீவின் மௌனா லோவா மலையில் அளக்க ஆரம்பித்த 1958-இல் 315-ஐ ஒட்டி இருந்தது. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. இந்த வாயு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் என்பதும் நேற்றுச் சொன்ன கதை இல்லை. ஜான் டிண்டால் 1859-இல் ஆய்வுக்கூடத்தில் அளந்து காட்டினார். சுவீடன்காரர் அர்ரேனியஸ், இது இரண்டு மடங்கானால் பூமி எவ்வளவு சூடாகும் என்று 1896-இல் கையாலேயே கணக்குப் போட்டார். அப்போது பைக்காராவில் மின் நிலையமே இல்லை.

"சூரியன்தான் காரணம்" என்று யாராவது வருவார்கள். அதற்கும் நம் பக்கத்து மலையில் பதில் இருக்கிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-இல் தொடங்கியது. நூறு வருடத்துக்கு மேலாகச் சூரியனைப் படமெடுத்து, அதன் புள்ளிகளைக் கணக்கு வைத்திருக்கிறது. சூரியப் புள்ளிகள் சுமார் பதினொரு வருடத்துக்கு ஒரு முறை கூடிக் குறையும். 2008-ஐ ஒட்டித் தொடங்கிய சுழற்சி நூறு வருடங்களில் மிக மந்தமானவற்றில் ஒன்று. சூரியன்தான் சூடேற்றுகிறது என்றால் அந்த வருடங்களில் பூமி குளிர்ந்திருக்க வேண்டும், ஆனால் சூடு ஏறிக்கொண்டுதான் போனது. செயற்கைக்கோள்கள் 1978 முதல் சூரிய ஒளியை நேரடியாக அளக்கின்றன, அதிலும் ஏறுமுகம் இல்லை. இன்னொன்றும் இருக்கிறது. சூரியன் காரணமானால் காற்று மண்டலம் மேலிருந்து கீழ்வரை முழுக்கச் சூடாக வேண்டும். நடப்பதோ, கீழ் அடுக்கு சூடாகிறது, அதற்கு மேலே உள்ள அடுக்கு குளிர்கிறது. போர்வை போர்த்தியவருக்கு உள்ளே சூடும் வெளியே குளிரும் இருப்பதுபோல.

இவ்வளவும் சித்தப்பாவிடம் சொல்லலாம். ஆனால் இதை மட்டும் சொன்னால் அவர் மனம் மாறாது. எனக்குத் தெரியும், நானே சொல்லிப் பார்த்துத் தோற்றவன்.

2009 நவம்பர். நீலகிரியில் மழை கொட்டித் தீர்த்து, ஊட்டி, குன்னூர், கோத்தகிரி வட்டாரங்களில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். என் மச்சான் வீடு கேத்தி பக்கத்துச் சரிவில் இருந்தது. பின்சுவரை மண் தள்ளி, சமையல்கட்டு முழுவதும் போயிற்று. ஆட்கள் தப்பினார்கள். கீழ் வீட்டில் தப்பவில்லை. பத்து நாள் கழித்து உறவுக்காரர்கள் கூடியிருந்தபோது பேச்சு வந்தது. ஒருவர் தெய்வக் குற்றம் என்றார். இன்னொருவர் விதி என்றார். நான் எழுந்து, காற்று ஒரு டிகிரி சூடானால் ஏழு சதவீதம் கூடுதல் ஈரத்தைச் சுமக்கும், அதனால்தான் மழை இப்படி ஒரேயடியாகக் கொட்டுகிறது என்று விளக்கினேன். சொன்னது எல்லாம் உண்மை. மச்சான் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "மேலே ரோட்டை வெட்டி காட்டேஜ் கட்டினானே, அவன் ஓடையை மூடினானே, அது உங்க கணக்குல வருமா மாமா?"

வரவில்லை. என் கணக்கில் அது வரவே இல்லை. அவர் வீட்டுக்கு மேலே சரிவைச் செங்குத்தாக வெட்டி, மழைத்தண்ணீர் போகும் பள்ளத்தை மண் போட்டு நிரப்பி ஒரு விடுதி எழுந்திருந்தது. அந்தத் தண்ணீருக்குப் போக வழியில்லாமல் மண்ணுக்குள் இறங்கியது. அவர் கண்ணெதிரே நடந்த அநியாயத்தை விட்டுவிட்டு நான் வானத்தைக் காட்டியிருக்கிறேன். மேலே கட்டியவனுக்குக் காற்றின் ஈரம் நல்ல சாக்காகப் போயிருக்கும். அன்றைக்கு என் மாமியார் ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து உள்ளே போனது இன்றைக்கும் என் மனதில் இருக்கிறது.

அத்தை மகனுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். வயநாட்டில் 2024 ஜூலை 30 அன்று முண்டக்கை, சூரல்மலையில் நடந்ததற்குக் காலநிலை மாற்றத்தின் பங்கு உண்டு. அந்த மழை பத்து சதவீதம் அளவுக்குக் கூடுதலாகக் கொட்டியதற்குச் சூடேறிய காற்று காரணம் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஆனால் அந்த மழை எங்கே விழுந்தது, அங்கே யாருடைய பாடிகள் (தோட்டத்து லைன் வீடுகள்) இருந்தன, தோட்டத் தொழிலாளி ஏன் சரிவின் அடியில் படுத்திருந்தான் என்பது காற்று போட்ட கணக்கு இல்லை. நீலகிரியில் 1978-இலும் மண் சரிந்தது, 1993-இல் மரப்பாலத்திலும் சரிந்தது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பெய்தது, சென்னையில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதில் பாதிக்கும் மேல். அவலாஞ்சி அணைப்பக்கத்தில் ஆள் நடமாட்டம் குறைவு. அதே மழை குன்னூர் சரிவில் கொட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்கு நடுங்குகிறது. மழை கனக்கிறது என்பதும், சரிவை வெட்டுகிறார்கள் என்பதும் ஒன்றையொன்று மறுப்பவை இல்லை. இரண்டும் ஒரே வீட்டின் மேல்தான் விழுகின்றன.

இப்போது சித்தப்பாவின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அவர் "நம்பவில்லை" என்று சொன்னாலும், உண்மையில் கேட்பது இதுதான்: செலவு யார் தலையில்?

உங்கள் குடும்பத்தின் கதையை வைத்துப் பாருங்கள். 1964-இல் டெல்லிக்கும் கொழும்புக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும் என்று எழுதினார்கள். அந்த ஐந்தேகால் லட்சத்தில் யாரையும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. உங்கள் தாத்தா மூட்டை கட்டினார். அவர்களுக்காகவே அரசு காட்டை வெட்டித் தேயிலை போட்டது, டேன்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகம் அப்படித்தான் பிறந்தது. காட்டை வெட்டச் சொல்லி வேலை கொடுத்தவர்களே, பிறகு ஒரு நாள், இது யானைப் பாதை, இது வனம், இங்கே நீங்கள் இருக்கலாமா என்று கேட்கிற காலமும் வந்தது. இப்படி வாழ்ந்த குடும்பத்தில் ஒரு மனிதர், எங்கோ வெளிநாட்டு நகரத்தில் தலைவர்கள் கூடி ஒப்பந்தம் போடுகிறார்கள் என்று கேட்டால், "நம்மை மறுபடி எதையோ விடச் சொல்லப் போகிறார்கள்" என்றுதான் நினைப்பார். அது அறியாமை இல்லை. அனுபவம்.

கணக்கும் அவர் பக்கம்தான் இருக்கிறது. இந்தியாவில் தலைக்கு வருடத்துக்கு ஏறத்தாழ 2 டன் கரியமிலவாயு. அமெரிக்காவில் 14 டன். இதுவரை உலகம் எரித்துக் காற்றில் சேர்த்த மொத்தத்தில் கால் பங்கு அமெரிக்காவுடையது, இந்தியாவுடையது 3 சதவீதத்தை ஒட்டி. இன்றைய தேதியில் மொத்த அளவில் நம் நாடு மூன்றாவது இடத்தில் இருக்கிறது என்று அத்தை மகன் சொல்வார், அதுவும் சரி. நூற்று நாற்பது கோடிப் பேர் சேர்ந்து மூன்றாவது இடம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த 2 டன்னும் சராசரிதான். லைன் வீட்டில் இருக்கும் உங்கள் பெரியம்மா அதில் பாதியைக்கூடத் தொடமாட்டார்.

விறகுக் கணக்கையும் பார்த்துவிடுவோம், தம்பியின் கோபம் அங்கேதான் ஆரம்பித்தது. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றை முழுக்க எரித்தால் 42 கிலோ அளவுக்குக் கரியமிலவாயு வரும். ஒன்றரை டன் ஏசி இரவு முழுக்க ஓடினால் சுமார் 8 யூனிட். நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரி என்பதால் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக முக்கால் கிலோ என்று வைத்துக்கொண்டால், இரவுக்கு 6 கிலோ. ஏழு இரவுக்கு 42 கிலோ. ஒரு வாரம் ஏசி, ஒரு சிலிண்டர். பெரியம்மா பொறுக்குவதோ சில்வர் ஓக் கிளையும் கவாத்து வெட்டிய தேயிலைச் செடியும். வெட்டிய செடி மறுபடி துளிர்த்து, வெளிவிட்ட வாயுவில் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். விறகை விட வேண்டும் என்பதற்கு வேறு காரணம் உண்டு, அது பெரியம்மாவின் நுரையீரல். காலையும் மாலையும் அந்தப் புகைக்குள் உட்கார்ந்திருப்பவர் அவர்தான். "பூமிக்காக விறகை விடு" என்பதற்கும், "பெரியம்மா, உங்க இருமலுக்கு இந்தப் புகைதான் காரணம், சிலிண்டர் தீர்ந்தா நான் மாத்தித் தர்றேன்" என்பதற்கும் எவ்வளவு தூரம்!

இந்த ஏசிக் கணக்கை எடுத்துக்கொண்டுபோய் அத்தை மகன் முகத்தில் வீச வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள். சென்னையில் மே மாத இரவு எப்படி இருக்கும் என்று மலையில் இருக்கும் நமக்குத் தெரியாது. மகள் வீட்டில் நான்கு நாள் இருந்தேன், நான்கு நாளும் ஏசி இல்லாமல் தூங்கவில்லை. ஊட்டியிலேயே 2024 ஏப்ரல் கடைசியில் 29 டிகிரி போனது. பிரிவிலேஜ் என்ற சொல்லை இந்தக் காலத்துப் பிள்ளைகள் கல் மாதிரி எறிகிறார்கள். எறிந்தவுடன் எதிராளி தன்னைக் காத்துக்கொள்வதில் இறங்கிவிடுகிறார், விஷயம் செத்துவிடுகிறது. சொல்லை விட்டுவிட்டு உள்ளதைச் சொன்னால் கேட்பார்கள்.

உள்ளது என்ன? பைக்காரா மின் நிலையம் 1932-இல் ஓட ஆரம்பித்தது. அந்த மின்சாரத்தில்தான் கோயம்புத்தூர் மில்கள் பெருகின, கிணறுகளில் மோட்டார் ஓடியது. அப்புறம் மாயார், குந்தா. அதே தண்ணீர் குந்தாவில் ஒரு முறை, கெத்தையில் ஒரு முறை, பரளியில் ஒரு முறை, பில்லூரில் ஒரு முறை சக்கரத்தைச் சுற்றிவிட்டு, கடைசியில் கோவைக்குக் குடிநீராகவும் போகிறது. இந்த அணைகளுக்காகத் தோடர்களின் மேய்ச்சல் புல்வெளிகள் நீருக்குள் போயின. எங்கள் அப்பாவைப் போன்றவர்கள் குளிரில் செத்துப் பிழைத்துக் கட்டினார்கள். ஆனால் அதே மாவட்டத்தில், கூடலூர், பந்தலூர் வட்டாரத்தில், ஜென்மி (பழைய நிலவுடைமையாளர்) நில ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் சிக்கி, உரிமை யாருக்கு என்று முடிவாகாத நிலத்தில் குடியிருந்த குடும்பங்கள் பல பத்தாண்டுகள் மின் இணைப்பு இல்லாமலே இருந்தன. 2016-இல் தமிழ்நாட்டில் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அறிவித்தார்கள். இணைப்பே இல்லாத வீட்டுக்கு அந்த 100 யூனிட்டும் இல்லை. அந்தப் பிள்ளைகள் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தார்கள். நான் ஷிஃப்டில் உட்கார்ந்து அறுபது மெகாவாட்டைக் கீழே அனுப்பிக்கொண்டிருந்த இரவுகளில் அது நடந்தது. இதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. அத்தை மகனுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தெரிந்தால் விறகைப் பற்றி அப்படி எழுதியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

அவர் அடுத்து, "சரி, மரமாவது நடுங்கள்" என்பார். நீலகிரியில் அதையும் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். மேல்மலை என்பது புல்வெளியும் இடுக்குகளில் சோலையும் சேர்ந்தது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து, புல்வெளி சும்மா கிடக்கிறது என்று நினைத்து கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) சீகை மரத்தையும் (வாட்டில்) நட்டார்கள். விறகுக்கும் தோல் பதனிடவும் ரேயான் நூல் ஆலைகளின் மரக்கூழுக்கும் ஆயிற்று. இப்போது சீகை தானே பரவி, மழையைப் பிடித்து ஊற்றாக விடும் புல்வெளியை விழுங்குகிறது. 2018-இல் குறிஞ்சி பூத்த இடங்களைப் பார்த்திருப்பீர்கள், அது புல்வெளியில் பூப்பது. 2030-இல் பூக்கவும் புல்வெளி வேண்டும்.

நிலக்கரியைப் பற்றியும் சொல்ல வேண்டும், சித்தப்பாவின் பயம் அதுதானே. நாளைக்கே நிறுத்த முடியாது. யார் முடியும் என்றாலும் மின் நிலையத்தில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கச் சொல்வேன். தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. நீலகிரியின் நீர்மின் நிலையங்கள் எல்லாம் சேர்ந்து முழு வேகத்தில் ஓடினாலும் எண்ணூற்றுச் சொச்சம்தான். காற்றாலையில் நாம் முன்னணி மாநிலம், ஆனால் காற்று ஆனி ஆடியில் அடிக்கும், மார்கழியில் அடங்கும். சூரிய மின்சாரம் சாயங்காலம் ஆறு மணிக்குக் கையை விரிக்கும், சரியாக எல்லா வீட்டிலும் விளக்குப் போடும் நேரத்தில். அந்த நேரத்துக்குத்தான் எங்களுக்கு, எந்த நிலையம் எப்போது ஓட வேண்டும் என்று சொல்லும் லோடு டெஸ்பாட்ச் மையத்திலிருந்து போன் வரும், "மெஷின் போடுங்க" என்று. நிலக்கரி உலையைச் சூடேற்றப் பல மணி நேரம் ஆகும். எங்கள் சக்கரம் சில நிமிடத்தில் சுற்றிவிடும்.

ஆகவே பகலில் மிஞ்சும் சூரிய மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றிவைத்து, சாயங்காலம் கீழே விட்டு மின்சாரம் எடுப்பது என்று வழி இருக்கிறது. ஆனைமலையில் காடம்பாறையில் 400 மெகாவாட்டுக்கு 1980-களின் கடைசியிலேயே செய்தார்கள். குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு வேலை தொடங்கினார்கள், போர்த்திமந்து அணை மேலே, அவலாஞ்சி-எமரால்டு கீழே. நூறு யூனிட் செலவழித்தால் எழுபத்தைந்து, எண்பது திரும்பக் கிடைக்கும். நஷ்டம்தான், ஆனால் வெயிலைச் சாயங்காலத்துக்கு எடுத்துவைக்கும் விலை அது. இதில் நிலக்கரி படிப்படியாகக் குறையும். "நாம் ஏழையாகவே இருக்க வேண்டும்" என்று இதில் எங்கும் இல்லை. இதற்கான பணத்தைப் பணக்கார நாடுகள் தருவதாகச் சொல்லிவிட்டுத் தாமதிக்கின்றன என்று சித்தப்பா திட்டினால், தாராளமாகத் திட்டட்டும், நானும் கூடச் சேர்ந்துகொள்கிறேன். ஆனால் அதற்காக முள்ளைப் பொய் என்று சொல்ல வேண்டியதில்லை. முள் பொய் என்றால் நமக்கு வர வேண்டிய இழப்பீட்டை எதை வைத்துக் கேட்பது? இந்த ஒரு கேள்வியை அவரிடம் அமைதியாகக் கேட்டுப் பாருங்கள்.

குழுவில் எழுதுவதைவிடப் போனில் பேசுங்கள். பதினைந்து பேர் பார்க்கும் இடத்தில் யாரும் பின்வாங்கமாட்டார்கள், அதுவும் மகன் முறை உள்ளவன் எதிரில் சித்தப்பா பின்வாங்கவே மாட்டார். முதலில் 1964-ஐப் பற்றிக் கேளுங்கள், கப்பலில் வந்த கதையைச் சொல்லச் சொல்லுங்கள். நிலக்கரிப் பேச்சு தானாக வரும்.

பெரியம்மாவிடம் வேறொன்று கேளுங்கள். முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். எந்த மாதத்தில் சாரல் தொடங்கும், எந்த மாதத்தில் கொழுந்து பெருகும், கொப்புள நோய் எப்போது வரும், செஞ்சிலந்தி எப்போது வரும், இதெல்லாம் அவர் விரல் நுனியில் இருக்கும். அவர் பறிக்க ஆரம்பித்த காலத்துக்கும் இப்போதைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டு, அவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், வருடம், மாதம் போட்டு. எழுதியதை அத்தை மகனுக்கு அனுப்புங்கள். இந்திய வானிலைத் துறையின் மழைப் பதிவுகளோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்தவர் உங்கள் குடும்பத்தில் அவர்தான். எங்கே ஒத்துப்போகிறது, எங்கே இல்லை என்று அவர் பெரியம்மாவுக்கே போன் செய்து சொல்லட்டும்.